உயிலும் புரோபேட்டும்: வீட்டில் ஒருவர் மறைந்தபின் செய்யவேண்டியவை



வழக்கமாக இப்பக்கங்களில் வார்டுகளைப் பற்றியும், நோயாளிகளைப் பற்றியும், நடந்துவரும் கட்டட வேலைகளைப் பற்றியும் எழுதிவருகிறோம். இம்முறை வேறொரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் உங்களிடமிருந்து வரும் கடிதங்கள்தான். "தகப்பனார் உயில் எழுதி வைத்துவிட்டுக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புரோபேட் வாங்காமல் ஒரு பைசாவைக்கூடத் தொடமுடியாது என்கிறார்கள். உண்மையா?" என்று ஒரு மகன் கேட்கிறார். "அக்கா உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏதோ எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள், அந்தத் தாள் எங்கே என்று தெரியவில்லை" என்று ஒரு தங்கை எழுதுகிறார். துக்க வீட்டில் பந்தல் பிரிப்பதற்குள் இக்கேள்விகள் எழுந்துவிடுகின்றன. சபையில் பல வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன் தம்பிகள், இதனால் ஆளுக்கொரு ஆராதனைக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் வக்கீல்கள் அல்ல. ஆனாலும் நமக்குப் பொருந்தும் சட்டம் எது, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். சிக்கலான காரியத்திற்கு நல்ல வக்கீலைத்தான் பார்க்கவேண்டும்.

முதல் சில வாரங்கள்

மரணப் பதிவுதான் முதல் வேலை. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் நேர்ந்தால் வீட்டார் கொடுக்கவேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போகவேண்டிவரும்.

சான்றிதழில் எழுதப்படும் பெயரை அப்போதே கவனித்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் இது மற்றவர்களைவிட அதிகமாகத் தொல்லை தரும் விஷயம். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். பத்திரத்தில் "யோவான் தேவசகாயம்" என்றிருக்கும், வங்கிப் புத்தகத்தில் "ஜே. தேவசகாயம்" என்றிருக்கும், மரணச் சான்றிதழில் "ஜான் தேவசகாயம்" என்றிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. பத்திரத்திலும் ஆதார் அட்டையிலும் உள்ள பெயரைப் பார்த்து அதன்படியே தகவல் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதவேண்டிவரும். அதற்கு ஆலயத்திலுள்ள ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் நல்ல ஆதாரங்கள். குருவானவரிடம் அவற்றின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழில் குறைந்தது பத்துப் பிரதிகளாவது கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். பென்ஷன், வருங்கால வைப்பு நிதி, பட்டா மாறுதல் ஆகிய எல்லாவற்றிற்கும் இதைக் கேட்பார்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இச்சான்றிதழ் வாரிசுகள் இன்னின்னார் என்று காட்டுமே தவிர, சொத்தில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்காது. "தாசில்தாரே என் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டார்" என்று சொல்லிச் சரிபாதி கேட்பதில் பயன் இல்லை.

பிறகு உயில் உண்டா என்று தேடவேண்டும். சினிமாவில் வருவதுபோல வக்கீல் வந்து எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டும் சடங்கு எதையும் சட்டம் கேட்கவில்லை. பீரோ, வேதாகமத்தின் உள்ளட்டை, வங்கி லாக்கர், நம்பிக்கையான நண்பர் வீடு என்று தேடிப் பார்ப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவு செய்திருந்தால், எழுதியவரின் மறைவுக்குப்பின் மரணச் சான்றிதழைக் காட்டி நகல் பெறலாம். மாவட்டப் பதிவாளரிடம் உயிலை முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கும் வழியும் உண்டு. அப்படி ஒப்படைத்தவர் வீட்டில் சொல்லாமலே போய்விட்டால் அந்த உறை அங்கேயே கிடக்கும்.

நமக்கு உரிய சட்டம்

நம் நாட்டில் கிறிஸ்தவர்களின் வாரிசுரிமை 1925 ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நடக்கிறது. அதற்கு முன்னோடி 1865 ஆம் வருடச் சட்டம். அந்த முதல் சட்டத்திற்கு முன் நிலைமை எவ்வளவு குழப்பமாயிருந்தது என்பதற்குப் பெல்லாரியில் நடந்த ஆபிரகாம் குடும்ப வழக்கு சாட்சி. மத்தேயு ஆபிரகாம் என்ற கிறிஸ்தவ வியாபாரி 1842 இல் உயிலில்லாமல் இறந்தார். மனைவி சார்லட்டும் தம்பி பிரான்சிஸும் சொத்துக்காக வழக்காடினார்கள். இந்துக் கூட்டுக் குடும்ப முறைப்படி தனக்குப் பங்கு உண்டு என்றார் தம்பி. கிறிஸ்தவர்களான பிறகு அந்த முறை தங்களைக் கட்டாது என்றார் மனைவி. லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னபோது 1863 ஆகிவிட்டது. மத்தேயு இறந்து இருபத்தொரு வருடம்.

இன்று அந்தக் கேள்விக்கு இடமில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறப்பினால் வரும் பங்கு என்று ஒன்று கிடையாது. "பாட்டன் சொத்து, அப்பா என்னைக் கேட்காமல் எழுத முடியாது" என்று சொல்லும் பிள்ளைகள் பக்கத்து வீட்டுச் சட்டத்தைப் பேசுகிறார்கள். தமது பெயரில் உள்ளதைத் தகப்பனாரோ தாயாரோ தம் விருப்பப்படி முழுவதையும் யாருக்கும் எழுதி வைக்கலாம்.

உயில் இல்லாதபோது பங்கு இப்படிப் போகும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி மூன்றில் இரண்டு பாகம் பிள்ளைகளுக்குச் சமமாக. மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் இல்லை. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. பிள்ளைகளில் ஒருவர் முன்னமே இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாமல் மனைவியும் மற்ற உறவினரும் இருந்தால் மனைவிக்குப் பாதி, உறவினருக்குப் பாதி. மனைவி இறந்தால் கணவருக்கும் இதே கணக்கு.

மகளுக்குச் சம பங்கு என்பதை இன்னும் ஏற்றுக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு, குறிப்பாக முன்பு திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த இடங்களில். அங்கே 1916 ஆம் வருடத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் பொதுவிதி, மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் ஸ்திரீதனமாகக் கொடுத்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 இல் உச்ச நீதிமன்றம், அப்பழைய சட்டம் 1951 லேயே செல்லாமற்போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று" என்பது வீட்டுப் பேச்சு. சட்டத்தில் அது பங்கைக் குறைக்காது.

இந்தக் கணக்கில் விடுபட்டுப்போகிறவர்களைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம். பிள்ளைகள் உள்ள ஒருவர் உயிலில்லாமல் இறந்தால் அவருடைய வயதான தாயாருக்கு ஒன்றும் இல்லை. இந்துச் சட்டத்தில் தாய் முதல் வரிசை வாரிசு. நம் சட்டத்தில் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு இடமே இல்லை. மாமனார் மாமியாரை இருபது வருடம் பராமரித்த விதவை மருமகளுக்குப் பிள்ளை இல்லையென்றால் அவளுக்கும் ஒன்றும் இல்லை. வீட்டிலேயே வளர்ந்த பிள்ளையின் காரியமும் அப்படியே. அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்ப்பது நம் சபைகளில் பழைய வழக்கம். 2015 ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின்படி முறையாகத் தத்தெடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் உண்டு. வெறுமனே அன்பினால் வளர்த்த பிள்ளைக்கு, "அப்பா" என்று கூப்பிட்டிருந்தாலும், பங்கு கிடையாது. பாசத்தைச் சட்டம் எடைபோடுவதில்லை. இப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தாளில் எழுதி வைப்பது அவசியம்.

திருமணம் செய்யாமல் ஊழியத்திலேயே காலம் கழித்த நர்ஸ் அம்மாமாரும் ஆசிரியைகளும் நம் வாசகர்களில் பலர். தகப்பனார் உயிரோடிருந்தால் முழுவதும் அவருக்கு. அவர் இல்லையென்றால் தாயாரும் உடன்பிறந்தவர்களும் சம பங்காக எடுப்பார்கள். முன்னமே இறந்த உடன்பிறப்பின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உயிலில்லாமல் சபைக்கோ மருத்துவமனைக்கோ எதுவும் வராது. "வாயால் சொன்னார்கள்" என்பது போதாது.

புரோபேட் என்றால் என்ன?

உயில் உண்மையானது, எழுதியவர் சுயபுத்தியோடு முறையாக எழுதியது என்று நீதிமன்றம் உறுதிசெய்து, உயிலின் நகலோடு தன் முத்திரையிட்டுக் கொடுக்கும் சான்றே புரோபேட். உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றாளருக்கு மட்டுமே, அதாவது எக்ஸிகியூட்டருக்கு மட்டுமே, இது கிடைக்கும். நிறைவேற்றாளரை நியமிக்காத உயிலானால் பயன்பெறுகிறவர் அதே நீதிமன்றத்தில் உயிலை இணைத்து நிர்வாக உத்தரவு கேட்கலாம்.

இது எல்லாருக்கும் கட்டாயமா? பலருக்கும் இங்கேதான் குழப்பம். முன்பு வாரிசுரிமைச் சட்டத்தின் 213 ஆம் பிரிவு, புரோபேட் இல்லாமல் உயிலின் கீழ் உள்ள உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்று நம்மைக் கட்டுப்படுத்தியது. 2002 இல் ஒரு திருத்தம் வந்து இந்தியக் கிறிஸ்தவர்களை அப்பிரிவிலிருந்து விலக்கியது. பிறகும் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களோடு சம்பந்தப்பட்ட உயில்களுக்காக இந்துக்கள் முதலானோரை அது கட்டிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. ஆகவே "புரோபேட் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்பது பழைய செய்தி. அதைச் சொல்லி உங்களை அலைக்கழிக்கும் அலுவலர் இருந்தால் மரியாதையோடு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் வாங்குகிறார்கள்? வாரிசுகளில் ஒருவர் "அது அப்பா கையெழுத்தே இல்லை" என்று சொல்லும்போது, சொத்தை வாங்க வருகிறவர் சந்தேகப்படும்போது, பெரிய தொகைக்கு வங்கியோ கம்பெனியோ தயங்கும்போது, புரோபேட் கையில் இருந்தால் பேச்சு முடிந்தது. அது குடும்பத்தாரை மட்டுமல்ல, எல்லாரையும் கட்டும். ஒரே வீடு, ஒற்றுமையான பிள்ளைகள், பதிவு செய்த உயில் என்றால் எங்கள் அபிப்பிராயத்தில் அந்தச் செலவு வேண்டியதில்லை. பிரச்சினை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தயங்காமல் மனுச் செய்யுங்கள்.

மனு, இறந்தவர் குடியிருந்த அல்லது சொத்து உள்ள இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் போடப்படும். சென்னையில் உயர் நீதிமன்றம். அசல் உயில், மரணச் சான்றிதழ், சொத்துகளின் பட்டியலும் மதிப்பும், வாரிசுகள் எல்லாருடைய பெயரும் விலாசமும் வேண்டும். உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவரின் உறுதிமொழியும் வேண்டும். வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் காரியம் சுலபம். இல்லாவிட்டால் அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, பத்திரிகையிலும் விளம்பரம் செய்யச் சொல்வார்கள். மரணத்திற்குப்பின் ஏழு நாள் முழுதாகக் கழியாமல் புரோபேட் வழங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த ஏழு நாளைப் பற்றி யாரும் கவலைப்படவேண்டியதில்லை. ஆட்சேபணையே இல்லாத மனுவுக்கும் மாதக்கணக்கில் ஆகும். சொத்தின் மதிப்பைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணமும் உண்டு. யாராவது ஆட்சேபணை தாக்கல் செய்தால் மனு வழக்காக மாறிவிடும்; பிறகு வருடங்கள்தான். காலவரம்பையும் கவனிக்கவேண்டும். மனுச் செய்யும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்ற வரம்பு இதற்கும் பொருந்தும் என்று 2008 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடாது.

இன்னொன்று. புரோபேட் உயிலின் உண்மையைத்தான் சொல்லும். அந்த நிலம் உண்மையில் எழுதியவருடையதுதானா என்று சொல்லாது. அண்ணன் பெயரில் உள்ள தோட்டத்தைத் தம்பி உயிலில் எழுதி வைத்தால் புரோபேட் கிடைத்தாலும் தோட்டம் கிடைக்காது.

சாட்சிகள்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் சொந்தக் கையால் எழுதினாலும் போதும். ஆனால் எழுதியவர் கையெழுத்திடுவதையோ கைநாட்டு வைப்பதையோ இரண்டு சாட்சிகள் பார்த்திருக்கவேண்டும் அல்லது அது தம்முடையது என்று அவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு உறைக்கும் இரண்டு விதிகள் இதில் உண்டு. சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ எழுதி வைத்தது செல்லாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழும். வீட்டிலுள்ள மருமகனைச் சாட்சி போடச் சொல்லி மகளின் பங்கை அழித்துவிட்ட தகப்பன்மார் உண்டு. மற்றொன்று, உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயில் தானாகவே ரத்தாகும். மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்கள் பழைய உயிலை நம்பியிருக்கக்கூடாது, மறுபடி எழுதவேண்டும்.

சாட்சிகளை உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். உயில் நீதிமன்றத்திற்குப் போகும் நாளில் அவர்களில் ஒருவராவது உயிரோடிருந்து, வந்து சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். மரியாதைக்காக எண்பது வயது மூப்பரைப் போடுவது நல்ல பழக்கமல்ல.

மருத்துவமனைக் கட்டிலில் எழுதப்படும் உயில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, உறவினர் ஒருவர் தாளோடு வந்து, "டாக்டர், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார். அந்த நேரத்து உயில் செல்லாது என்பதில்லை. ஆனால் நோயாளி மருந்து மயக்கத்தில் இருந்தாரா, யார் எழுதினார்கள், பயன்பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்தாரா என்றெல்லாம் நீதிமன்றம் துருவிக் கேட்கும். சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவர் மேல் விழும். நமது மருத்துவமனைக்கு எதையாவது எழுதும் உயிலானால் எங்கள் ஊழியர் யாரும் அதில் சாட்சியாகக் கையெழுத்திடுவதில்லை. சிலர் இதனால் மனவருத்தப்பட்டதுண்டு. சுகமாயிருக்கும்போது வெளியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

வங்கியும் நிலமும்

"நாமினி நான்தான், ஆகவே பணம் என்னுடையது" என்பது பெரும்பாலும் தவறு. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. நாமினி அதை வாரிசுகளுக்காகவோ உயிலின்படி பெறவேண்டியவர்களுக்காகவோ கையில் வைத்திருப்பவர் மட்டுமே. பங்குப் பத்திரங்களுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 ஆம் வருடத் திருத்தத்தின்படி பெற்றோர், கணவர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம்.

நாமினியும் இல்லை, உயிலும் இல்லை என்றால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை வங்கிகள் வாரிசுச் சான்றிதழையும் உறுதிப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடும். அதற்கு மேலானால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கச் சொல்வார்கள். இதையும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் அநேகர். நீதிமன்றச் சான்று வைப்புத் தொகை, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றிற்கு மட்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் அது பயன்படாது. பத்து வருடம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் இழந்ததாக எண்ணவேண்டாம். உரியவர் வங்கி மூலம் கேட்டுப் பெறலாம்.

நிலமானால் வில்லங்கச் சான்றிதழும் மூலப் பத்திரமும் எடுத்துக்கொண்டு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுகள் எல்லாரும் சமாதானமாக இருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரமோ, ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை விடுமுறைக்கு வரும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் "சம்மதம்" என்று போடும் செய்தியைச் சார்பதிவாளர் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

கடன்களை மறக்கவேண்டாம். இறந்தவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலாவது அடக்கச் செலவு, பிறகு புரோபேட் செலவு, கடைசி மூன்று மாதத்தில் வேலைசெய்தவர்களுக்குக் கூலி பாக்கி, பிறகு மற்றக் கடன்கள். இவையெல்லாம் தீர்ந்தபிறகே உயிலில் எழுதிய கொடைகள். வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து கடன் அடைக்கவேண்டியதில்லை. வாரிசுரிமைக்கென்று தனி வரியும் நம் நாட்டில் இல்லை. பழைய எஸ்டேட் வரி 1985 இல் நீக்கப்பட்டது.

தர்மத்திற்கு எழுதி வைப்பது

உயிலில் இந்த மருத்துவமனையை நினைத்துக்கொண்டவர்கள் பலர். அவர்களுடைய விருப்பத்துக்கு வெகுகாலம் சட்டமே குறுக்கே நின்றது. வாரிசுரிமைச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு, அண்ணன் தம்பி பிள்ளையோ அக்காள் தங்கை பிள்ளையோ அதைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர் மதக் காரியத்திற்கோ தர்மத்திற்கோ எழுதினால், அந்த உயிலை மரணத்திற்குப் பன்னிரண்டு மாதத்திற்கு முன்னமே எழுதியிருக்கவேண்டும், எழுதிய ஆறு மாதத்திற்குள் ஒப்படைத்தும் இருக்கவேண்டும் என்றது. பங்குனியில் எழுதி ஐப்பசியில் மறைந்த அம்மாளின் காணிக்கை அப்படியே வீழ்ந்துபோகும். 1736 ஆம் வருடத்து இங்கிலாந்துச் சட்டம் ஒன்றின் சாயல் இது. மரணப் படுக்கையில் குருமார் பயமுறுத்தி நிலத்தை எழுதி வாங்குவார்கள் என்ற அச்சம் அதற்குள் இருந்தது. அந்த அச்சத்துக்கு முற்றிலும் ஆதாரம் இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் 1991 இல் பார்சிகளுக்கும் விலக்குக் கொடுத்தபின், அந்தத் தடை நடைமுறையில் கிறிஸ்தவர்களின் கையை மட்டும் கட்டியதை நியாயம் என்று சொல்வதற்கில்லை. கேரளத்துக் கத்தோலிக்க குருவானவர் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், சமத்துவ உரிமைக்கு விரோதமானது என்று 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. அதன்பின் தர்மத்திற்கு எழுதும் உயிலுக்குத் தனிக் காலக்கெடு இல்லை.

எழுதும்போது பெயரைச் சரியாக எழுதுங்கள். ஊரார் "மிஷன் ஆஸ்பத்திரி" என்பார்கள், பழையவர்கள் "வெள்ளைக்கார அம்மா ஆஸ்பத்திரி" என்பார்கள். உயிலில் அப்படி எழுதினால் யாருக்கு என்று தெளிவில்லாமல் கொடையே வீழ்ந்துபோகலாம். மருத்துவமனையை நடத்தும் சங்கத்தின் பதிவுபெற்ற பெயரும் பதிவு எண்ணும் எங்கள் ரசீதுகளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்து எழுதுங்கள். "குழந்தைகள் வார்டில் இரண்டாவது கட்டிலுக்கு" என்று மிகவும் குறுக்காகவும் எழுதவேண்டாம். வார்டுகள் இடம் மாறும். "ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு" என்றால் என்றைக்கும் நிற்கும். முதலில் உங்கள் வீட்டில் உங்களைச் சார்ந்திருப்பவர்களுக்கு எழுதுங்கள். தாயாரையும் வளர்த்த பிள்ளையையும் விட்டுவிட்டு எங்களுக்கு எழுதிய உயில் ஒன்றைக் காட்டி ஆலோசனை கேட்டவரிடம், திருப்பி எழுதும்படியே சொன்னோம்.

குடும்பத்தில் ஒருவர் அப்படி எழுதி வைத்துச் சென்றிருந்தால் நிறைவேற்றாளர் எங்கள் அலுவலகத்திற்கு ஒரு கடிதத்தோடு மரணச் சான்றிதழின் நகலையும் உயிலின் நகலையும் அனுப்பினால் போதும். கடன்களைத் தீர்த்துக் கணக்கை முடிக்க நிறைவேற்றாளருக்குச் சட்டம் மரண நாளிலிருந்து ஒரு வருடம் கொடுக்கிறது. அதற்குள் கொடையைக் கொடு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நாங்களும் நினைவூட்டி எழுதுவதில்லை. வருடம் தாண்டினால் எழுதி வைத்த தொகைக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வட்டி கேட்கலாம் என்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. அந்த வட்டியை எந்தக் குடும்பத்திடமும் கேட்பதில்லை.